கூப்பன் காலமும் கொட்டியாரக் குடாவும்

எழுபதுகளின் பஞ்சத்தை நம் மூத்தோர் இன்றும் 'சிறிமாவின் காலம்' என்ற இரண்டு சொற்களில் அடக்கிவிடுவர். சோசலிசம் வந்தது, பாண் போனது, அவ்வளவுதான் வரலாறு. திருகோணமலையில் நின்று நோக்கினால் கதை அத்தனை எளிதாக முடிவதில்லை.

1957 ஒக்டோபரில் பிரித்தானியர் இங்கிருந்த கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளித்தனர். அத்தளத்தை நம்பிப் பிழைத்த பட்டினத்துக்கு அது முதல் அடி. சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் எஞ்சின. 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவாகி, அடுத்த ஆண்டு ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் கம்பனிகளின் சொத்துகள் சுவீகரிக்கப்பட்டபோது, நட்டஈட்டுத் தகராறு மூண்டது. 1963 பெப்ரவரியில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. தேயிலை விலை சரிய, உணவை இறக்குமதி செய்தே உண்டு பழகிய நாட்டின் அந்நியச் செலாவணியும் கரைந்துகொண்டிருந்தது. ஆக, நெருக்கடி 1970இல் பிறந்ததல்ல.

1970 மே தேர்தலில், சந்திரனிலிருந்தாவது கொண்டுவந்து இரண்டு கொத்து அரிசி தருவதாகச் சொல்லி ஐக்கிய முன்னணி வென்றது. ஒக்டோபரில் நிதியமைச்சர் என்.எம். பெரேரா 50, 100 ரூபா நாணயத்தாள்களைச் செல்லாதவையாக்கினார். மறு ஏப்ரலில் இளைஞர் கிளர்ச்சி. 1973இல் எண்ணெய் விலை பாய்ந்தது. சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்கு. அரிசி, கோதுமை, சீனி எல்லாவற்றுக்கும் உலகச் சந்தையில் தீப்பிடித்தது. கூப்பன் அரிசி குறைந்தது. பாணுக்கு விடியுமுன்னே கியூ. மரவள்ளிக்கிழங்கே பல வீடுகளில் சோறு.

இதில் உலகச் சந்தையின் பங்கு பெரிது. ஆனால் அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லத் தடை விதித்து, வீதியில் மறித்துப் பையைச் சோதித்தது உலகச் சந்தையல்ல. சிங்கள மக்கள் இத்தடைகளை 'ஹால் பொலு, மிரிஸ் பொலு' என்றனர். மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் நெல் விளைந்தது. மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் பட்டினத்துக்கு லோஞ்சிலும் பாதையிலும் கடந்து வரவேண்டிய காலம் அது. கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது. நெல்லை அரசின் விலைக்கு அரசுக்கே விற்க வேண்டுமென்றால், விளைவித்தவன் ஒளிக்காமல் வேறென்ன செய்வான்?

மறுபக்கமும் உண்டு. மிளகாய், வெங்காய இறக்குமதி நின்றதால் யாழ்ப்பாணத்து விவசாயி நிமிர்ந்தான். 1977இல் சந்தை திறந்ததும் அவனே வீழ்ந்தான். இவர்களுக்கெல்லாம் மேலாகக் கொடுத்தவர்கள் மலையகத் தோட்டத் தொழிலாளர். 1974இல் அங்கே மரண வீதம் வெகுவாக உயர்ந்தது. காணித்துண்டு இல்லாதவன் எங்கே மரவள்ளி நடுவான்? 'சிறிமாவின் காலம்' பற்றிய நம் பேச்சில் அவர்கள் அரிதாகவே வருகின்றனர்.

வேடிக்கை என்னவெனில், 'ஜனநாயக சோசலிசக் குடியரசு' என்ற பெயர் 1978 அரசியலமைப்பில்தான் வந்தது, ஜே.ஆர். சந்தையைத் திறந்துவிட்ட பின்பு. அத்திறப்பின் பேறாகச் சீனக்குடாவில் பிறீமா மா ஆலை 1980இல் இயங்கத் தொடங்கியது. அரைத்தது இறக்குமதிக் கோதுமையைத்தான். பாண் கியூ மறைந்தது. பாணுக்கான டொலர் கடன் மறையவில்லை.

2022 ஏப்ரலில் அதே குடியரசு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. முந்திய ஆண்டின் இரசாயன உரத்தடை வயல்களை ஏற்கெனவே வாட்டியிருந்தது. மே மாதம், பதவி விலகிய பிரதமர் மகிந்த ராஜபக்ச பாதுகாப்புத் தேடித் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்கு வந்தார். வாயிலில் மக்கள் திரண்டனர். நாடெங்கும் பெற்றோலுக்கு நாட்கணக்கில் கியூ நின்றபோது, சீனக்குடாவின் மேல் தொகுதித் தாங்கிகள் காடு மண்டி வெறுமையாய் நின்றன.