வண்ண அச்சுக் கோப்பு

கணினியில் வரைந்த ஓவியத்தை அல்லது வடிவமைத்த பக்கத்தை, ஒரு குறிப்பிட்ட தாளுக்கும் மைக்கும் ஏற்றபடி மாற்றிச் சேமித்த கோப்பே அச்சுக் கோப்பு. திரை, சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கூட்டி நிறம் காட்டுகிறது, இது ஆர்ஜிபி. ஆஃப்செட் அச்சில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைப் புள்ளிகள் தாளிலிருந்து திரும்பும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்குகின்றன, இது சிஎம்ஒய்கே. திரையில் பளிச்சிடும் கிளிப்பச்சையும் ஆரஞ்சும் இந்த நான்கு மைகளுக்கு எட்டாதவை. ஆகவே மாற்றும்போது இழப்பு உறுதி. அந்த இழப்பைக் கடைசிக் கட்டம்வரை தள்ளிப்போட வேண்டும். மூலக் கோப்பு அடுக்குகளோடு ஆர்ஜிபியிலேயே இருக்க வேண்டும்.

சிஎம்ஒய்கே என்று ஒரே நிறவெளி கிடையாது என்பதுதான் இதற்கு முதன்மையான காரணம். தாள் தாங்கும் மை அளவைப் பொறுத்து அது மாறும். நான்கு மைகளும் முழுதாக விழுந்தால் மொத்த மை அளவு 400 சதவீதம். பளபளப்பான ஆர்ட் பேப்பர் 300 முதல் 330 சதவீதம்வரை தாங்கும். செய்தித்தாள் தாங்குவது சுமார் 240 வரைதான். சிவகாசியில் ஆர்ட் பேப்பரில் அச்சாகும் நாட்காட்டிக்காக மாற்றிய படத்தையே நாளிதழ் விளம்பரத்துக்கும் அனுப்பினால் மை ஊறி மறுபக்கம் தெரியும், நிழல் பகுதிகள் அடைந்துபோகும். எந்த மை எண்ணுக்கு எந்தத் தாளில் என்ன நிறம் வரும் என்பதைச் சொல்வது ஐசிசி ப்ரொஃபைல். 1993இல் அமைந்த பன்னாட்டு வண்ணக் கூட்டமைப்பு (ஐசிசி) வகுத்த ஏற்பாடு அது. ஒரு தாளுக்காகச் சுருக்கிய நிறத்தைத் திரும்ப ஆர்ஜிபிக்கு மாற்றினாலும் போனது மீளாது.

தொடக்கத்திலேயே சிஎம்ஒய்கேயில் வரைந்தால் பின்னால் ஏமாற்றம் இருக்காதே என்று வடிவமைப்பாளர்கள் பலர் கேட்பார்கள். அந்த ஏமாற்றத்தைத் தவிர்க்க, கோப்பைத் தொடாமலே அச்சு நிறத்தைத் திரையில் காட்டும் சாஃப்ட் ப்ரூஃப் வசதி போதும். ஆனால் எழுத்து, கோடு விஷயத்தில் அவர்கள் கட்சியே சரி. ஆர்ஜிபி கறுப்பை மாற்றினால் அது நான்கு மைகளாகப் பிரிந்துவிடும். பிளேட் இம்மியளவு நகர்ந்தாலும் எழுத்தோரத்தில் வண்ணக் கரை தெரியும். ணகரத்தின் சுழிகளும் இகரக் கொக்கியும் சிறிய அளவில் முதலில் கெடுபவை. எனவே வாசக எழுத்து 100 சதவீதக் கறுப்பு மட்டுமாக, மற்ற நிறங்களின் மேல் ஓவர்பிரின்ட்டாக இருக்க வேண்டும்.

படத்தின் அளவு அச்சாகும் பரிமாணத்தில் அங்குலத்துக்கு 300 பிக்சல். அங்குலத்துக்கு 150 வரி என்ற வழக்கமான அச்சுப்புள்ளி ஸ்க்ரீனின் இரு மடங்கு அது. ஏ4 பக்கத்துக்கு 2480 × 3508 பிக்சல். வெட்டுக்காக நாற்புறமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் சேர்த்தால் சுமார் 2551 × 3579. சிறிய படத்தின் பிக்சல் எண்ணிக்கையைச் செயற்கையாக ஏற்றினால் நுணுக்கம் வந்துவிடாது. ஜேபெக் ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் தரவைக் கழிக்கிறது. எல்இசட்டபிள்யூ சுருக்கத்தோடு சேமித்த டிஃப் கழிப்பதில்லை. உயர்தரத்தில் ஒரே முறை சேமித்த ஜேபெக் அச்சில் குறையாகத் தெரிவது அரிது. அதை அறவே ஒதுக்கச் சொல்வது மிகை.

அச்சகத்துக்குப் போக வேண்டியது, அச்சுக்கென வகுத்த பிடிஎஃப் வடிவமான பிடிஎஃப்/எக்ஸ். 2001இல் தரநிலையாக வந்த எக்ஸ்-1ஏ, சிஎம்ஒய்கேயையும் தனி மையாக அச்சாகும் ஸ்பாட் நிறங்களையும் மட்டுமே ஏற்கும். எழுத்துருக்கள் உள்ளேயே பதிந்திருக்க வேண்டும். பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. எழுத்துரு கூடவே போகாவிட்டால் பக்கம் ரோமன் எழுத்துக் குப்பையாகிவிடும். எழுத்துகளைக் கர்வ் (வடிவக் கோடுகள்) ஆக்கினால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் பிழை திருத்த முடியாது. மூலத்தைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் வந்த எக்ஸ்-4, ப்ரொஃபைலோடு கூடிய ஆர்ஜிபி படங்களை அப்படியே ஏற்று, நிறமாற்றத்தை அச்சகத்தில் செய்ய விடுகிறது. இங்கே சொன்ன வாதத்துக்கு மிகவும் பொருந்தும் வடிவம் இதுவே. ஆனாலும் அச்சக மென்பொருள் அதைக் கையாளுமா என்று கேட்டபிறகே அனுப்ப வேண்டும். தெளிவான பதில் வராவிட்டால், பூச்சுத் தாளுக்கு ஃபோக்ரா 39 ப்ரொஃபைலில் மாற்றிய எக்ஸ்-1ஏ கோப்பே பாதுகாப்பானது.