மன்னார்க் கரையில் வெளியிணைப்பு இயந்திரம்: ஈரடிப்பா, நாலடிப்பா?

நம் நாட்டின் பொருளாதார வரலாற்றை எழுதப் புகுந்தோர் தேயிலைத் தோட்டத்துக்கும் நெல்வயலுக்கும் செலுத்திய கவனத்தைக் கடற்கரைக்குச் செலுத்தினாரல்லர். பாயும் துடுப்பும் கொண்டு தொழில் செய்த மக்கள் ஒரு தலைமுறைக் காலத்துள் இயந்திரத்துக்கு மாறிய செய்தி உழவு இயந்திரத்தின் வருகையினும் சிறியதன்று. அம்மாற்றத்தினுள் அடங்கிய சிறு வினா ஒன்றே இங்கு ஆராயப்படுகின்றது. படகின் பின்புறத்தில் மாட்டப்படும் வெளியிணைப்பு இயந்திரம் ஈரடிப்பு வகையைச் சார்ந்ததா, நாலடிப்பு வகையைச் சார்ந்ததா என்பதே அவ்வினா. இது பொறியியலார் தீர்க்கவேண்டியதொன்று போலத் தோன்றும். ஆயின் மன்னார்ப் பகுதியில் அதனைத் தீர்த்தவை கடலின் ஆழமும், மண்ணெண்ணெயின் விலையும், போரும் ஆகும்.

பாப்பாமோட்டை மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலத்தில், திருக்கேதீச்சரத்துக்கும் விடத்தல்தீவுக்கும் இடையே அமைந்த சிற்றூர். மோட்டை என்பது வன்னி வழக்கில் சிறு குளத்தைக் குறிக்கும். ஊர்ப்பெயர் நன்னீரை நினைவூட்ட, ஊரின் மேற்கெல்லையோ உவர்நிலமும் கண்டலும் சேறுமாய்க் கிடக்கின்றது. பண்டைய மாதோட்டத் துறைமுகம் இதற்கு அண்மையிலேயே இருந்தது. பாக்குநீரிணையை அடுத்த இக்கடலின் பெரும்பகுதி 10 மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையது. கரையோரத்திலோ முழங்காலளவு நீரில் நெடுந்தூரம் நடந்து செல்லலாம். இத்தகைய கடலில் வள்ளமும் வத்தையும் கோலூன்றித் தள்ளப்பட்டு, ஆழம் கண்டபின் பாய் விரித்தன. சோழகம் வீசும் மாதங்களிலும் வாடை வீசும் மாதங்களிலும் எங்கே வலை விடுவது என்பதைக் காற்றே வகுத்தது.

இலங்கையில் மீன்பிடிக் கலங்களை இயந்திரமயமாக்கும் முயற்சி, ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்தின் வல்லுநர் உதவியுடன் 1950களில் தொடங்கிற்று. 1958ஆம் ஆண்டு முதல், உள்ளே டீசல் இயந்திரம் பொருத்திய மூன்றரைத் தொன் படகுகள் தவணைக் கடன் முறையில் வழங்கப்பட்டன. அவை மேற்குக் கரையின் ஆழ்கடலுக்கு ஏற்றவை. ஆழங்குறைந்த, கண்டல் அடர்ந்த துறைகளில் அடிப்பகுதியில் நிலையாகப் பொருந்திய சுழலி சேற்றிலும் கடற்புல்லிலும் சிக்குவது இயல்பு. 1960களில் பரவத் தொடங்கிய வெளியிணைப்பு இயந்திரம் இவ்விடர்ப்பாட்டை எளிதாகத் தீர்த்தது. ஆழம் குறைந்தால் அதனைத் தூக்கி மடக்கலாம். மாலையில் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டு செல்லலாம். 17, 18 அடி நீளமுள்ள நார்க்கண்ணாடிப் படகும் உடன்வந்தது. பருவந்தோறும் நீர்கொழும்பு, சிலாபப் பகுதிகளிலிருந்து மன்னாரின் தென்கரைக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்தோரிடமும் இவ்வகை இயந்திரம் காணப்பட்டது. அரசாங்கத் திட்டத்தைக் காட்டிலும் அயலான் படகைக் கண்ணாற் காண்பதே மீனவனுக்கு வலுவான பிரசாரம் என்பது என் கருத்து.

இனி இவ்விருவகை இயந்திரங்களின் வேறுபாட்டைச் சுருக்கமாக நோக்குவோம். ஈரடிப்பு இயந்திரத்தில் சுழல்தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரிபொருள் வெடிக்கும். நாலடிப்பில் இரு சுற்றுக்கு ஒருமுறையே வெடிக்கும். ஆகவே அதே எடைக்கு முன்னது கூடுதலான வலுவைத் தரும். அதில் வால்வுத் தொகுதி இன்மையால் உறுப்புகளும் குறைவு. அதன் குறையும் இவ்வமைப்பிலிருந்தே பிறக்கின்றது. புதிய எரிபொருட் கலவை உட்புகும் வேளையிலேயே எரிந்த புகை வெளியேறுவதால், எரியாத எரிபொருளின் ஒரு பகுதியும் புகையோடு வெளியே போய்விடும். பழைய வகை இயந்திரங்களில் இவ்வாறு வீணாவது நூற்றுக்கு 25 முதல் 30 வரை எனக் கணிப்பர். கடலில் அது நீரினுள்ளேயே கலக்கின்றது.

இவ்வளவு வீணாக்கும் இயந்திரத்தை நம் மீனவர் ஏன் விடாது பற்றினர்? அறியாமை என விடை கூறுவோர் மண்ணெண்ணெயை மறந்துவிடுகின்றனர். மண்ணெண்ணெய் குறைந்த அமுக்கத்தில் எரியவேண்டிய எண்ணெய். பெற்றோலில் இயந்திரத்தை இயக்கிச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதும், நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிக் குழாய்களைக் கழுவுவதும் துறைகளில் சிறுவரும் அறிந்த முறை. நாலடிப்பு இயந்திரத்தில் மசகு எண்ணெய் தனியறையில் தங்கியிருக்கும். எரியாத மண்ணெண்ணெய் உருளையின் சுவர்வழியே கசிந்து அவ்வெண்ணெயை நீர்த்துப்போகச் செய்து, உறுப்புகளைத் தேய்க்கும். ஈரடிப்பில் மசகு எண்ணெய் எரிபொருளோடு கலந்தே வந்து எரிந்து போவதால் அத்தகைய கேடில்லை. விளக்கெரிக்கும் ஏழைகளின் பொருட்டு நம் அரசுகள் மண்ணெண்ணெயை நெடுங்காலம் மலிவாக விற்றன. அம்மலிவு விலையே ஈரடிப்பு இயந்திரத்துக்கு மறைமுகமான மானியமாயிற்று. நூற்றுக்கு முப்பது வீணாயினும், ஐந்திலொரு பங்கு விலையுள்ள எண்ணெயை வீணாக்குபவன் நட்டப்படுவதில்லை அல்லவா?

பங்கீட்டு முறையையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். எண்ணெய்ச் செலவைக் கழித்தபின் எஞ்சும் வருவாயில் தொழிலாளிக்குப் பங்குள்ளது போலவே படகுக்கும் வலைக்கும் இயந்திரத்துக்கும் பங்குண்டு. எண்ணெய்ச் செலவு பொதுக்கணக்கிலிருந்து போவதால், இயந்திரம் மிகுதியாகக் குடித்தால் அதனைத் தாங்குவோர் சம்மாட்டி மட்டுமல்லர், கூலிப்பங்கு பெறும் துணையாட்களும் ஆவர். இயந்திரத்தைத் தெரிவு செய்பவர் ஒருவர். செலவைப் பகிர்வோர் பலர். சிக்கனமான இயந்திரத்தின்பால் உடைமையாளருக்கு வேட்கை குறைந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

1983இன் பின் இக்கணக்கு முற்றிலும் வேறாயிற்று. 1984 முதல் வடகடலில் தடைவலயங்கள் அறிவிக்கப்பட்டன. கடலுக்குச் செல்லும் நேரமும் தூரமும் இயந்திரத்தின் குதிரைவலுவும் கூட அனுமதிக்கு உட்பட்டன. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குச் செல்லும் பெற்றோல் முதலானவை தடுக்கப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபரில் மன்னார் மாவட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டி, விடத்தல்தீவு முதலிய ஊர்களின் கடற்றொழில் அனுபவமும் அவர்களோடு பெயர்ந்து போயிற்று. எஞ்சியோருக்கு, கிடைத்த எந்த எண்ணெயிலும் எப்படியோ ஓடக்கூடியதும், பழைய உறுப்பொன்றைக் கழற்றிப் பூட்டிச் சீர்செய்யக் கூடியதுமான இயந்திரமே இயந்திரம். உலகம் ஈரடிப்பின் குறைகளென எண்ணிய எளிமையும் முரட்டுத்தன்மையும் இங்கே உயிர்காக்கும் குணங்களாயின. 2008ஆம் ஆண்டு போர்முனை பாப்பாமோட்டையையும் விடத்தல்தீவையும் கடந்து வடக்கே சென்றது. மக்கள் இடம்பெயர்ந்தனர், போர் முடிந்தபின் மீளக்குடியேறியோர் படகையும் வலையையும் இயந்திரத்தையும் மீண்டும் முதலிலிருந்து தேடவேண்டியவராயினர்.

இக்காலத்தில் வெளியுலகம் வேறு திசையில் நெடுந்தூரம் சென்றிருந்தது. ஒலே எவின்றூட் என்பார் 1909இல் அமெரிக்காவில் விற்பனைக்கு விட்ட சிறிய ஈரடிப்பு இயந்திரமே இத்தொழிலுக்கு அடிகோலியது. யப்பானின் ஹொண்டா நிறுவனம் 1964இல் தன் முதலாவது நாலடிப்பு வெளியிணைப்பு இயந்திரத்தை வெளியிட்டபோது அதனைப் பொருட்படுத்தியோர் சிலரே. ஐக்கிய அமெரிக்கா 1996இல் படகு இயந்திரப் புகைக்கு விதி வகுத்தபின் நிலைமை மாறிற்று. எவின்றூட் பெயர்தாங்கிய இயந்திரங்களின் உற்பத்தியும் 2020இல் நிறுத்தப்பட்டது. நம் நாட்டிலும் 2008 முதல் ஈரடிப்பு முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நகரத்தார் மூச்சுக்குக் காட்டப்பட்ட அக்கறை கடலுக்கு நீளவில்லை. நீண்டிருந்தால் முதலில் அல்லலுற்றிருப்போர் மீனவரே என்பதையும் மறுப்பதற்கில்லை.

1986இல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த வங்காள விரிகுடாத் திட்டத்தினர், சிறுபடகுகளின் எரிபொருட் செலவைக் குறைப்பது பற்றி ஓர் ஆய்வேட்டை வெளியிட்டனர். அதனை ஆக்கிய குல்பிரான்சன் ஒரு படகுச் சிற்பி. வேகத்தைச் சற்றே குறைப்பதும் எண்ணெயைப் பெரிதும் மிச்சப்படுத்தும் என்பது அத்துறையின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று. எனினும் மலிவான மண்ணெண்ணெய் உள்ளவரை இத்தகைய பாடங்களுக்குச் செவிசாய்க்கக் காரணமிருக்கவில்லை.

2012 பெப்ரவரியில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 71 ரூபாவிலிருந்து 106 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது மேற்குக் கரை கொதித்தெழுந்தது. சிலாபத்தில் ஆர்ப்பாட்டத்தின்போது மீனவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 ஓகத்தில் நேர்ந்தது அதனினும் பெரிது. 87 ரூபாவாயிருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. பெற்றோல் அப்போது 450 ரூபா. ஈரடிப்புக்கு நாளொன்றுக்கு 10 லீற்றர் மண்ணெண்ணெய் தேவை என்றும், அதே தொழிலுக்கு நாலடிப்புக்கு 7 லீற்றர் பெற்றோல் போதும் என்றும் கொள்வோம். விலையுயர்வுக்கு முன், முன்னதன் செலவு 870 ரூபா, பின்னதன் செலவு 3,150 ரூபா. விலையுயர்ந்தபின் முன்னது 3,400 ரூபாவாயிற்று. பின்னது 3,150 ரூபாவாகவே நின்றது. அறுபது ஆண்டுகள் ஈரடிப்பைத் தாங்கிநின்ற தூண் ஓர் இரவில் சரிந்தது.

ஆயின் மீனவர் அடுத்த நாளே நாலடிப்புக்கு மாற இயலுமா? 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. இயந்திரம் முழுவதும் இறக்குமதிப் பொருள். கணக்கு நாலடிப்பைச் சரியென்று காட்டிய அதே ஆண்டில்தான் புதிய இயந்திரம் எதுவும் கைக்கெட்டாத பொருளாயிற்று. கடன் கொடுப்பவர் மீனை வாங்கும் முதலாளியாயின், அவர் குறிக்கும் விலைக்கே நண்டையும் இறாலையும் கொடுக்கவேண்டிய கட்டு, இயந்திரத்தோடு கூடவே வந்துவிடும். 15 குதிரைவலு இயந்திரமொன்று நாலடிப்பாயின் பத்துக் கிலோவுக்கு மேல் எடை கூடும் என்பதையும், சேறும் கண்டலும் கடந்து அதனைச் சுமப்பவன் தோள் அறியும்.

நாலடிப்புக்குச் சார்பான வலுவான வாதம் கடலடியில் உள்ளது. விடத்தல்தீவை அடுத்த கண்டற்காடும் கடற்புற்றரையும் 2016இல் இயற்கை ஒதுக்ககமாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. இறாற்குஞ்சும் நண்டும் வளர்வதும், கடற்பசு மேய்வதும் அப்புற்றரையிலேயாம். ஆழங்குறைந்த அந்நீரில் எரியாத எண்ணெயை நாள்தோறும் கலப்பவர், தம் மக்கள் பிடிக்கவிருக்கும் மீனின் மடியிலேயே அதனை ஊற்றுகின்றனர். அதே வேளை நாலடிப்பும் மாசற்றதன்று. அதன் மசகு எண்ணெயை ஏறத்தாழ 100 மணிநேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். கழித்த எண்ணெயை வாங்கிச் சேர்க்க ஒரு பீப்பாயாவது துறையில் இல்லையெனின், அதுவும் மண்ணில் ஊற்றப்பட்டு அடுத்த மாரியில் அதே கடலைச் சேரும்.