வல்லத்துப் படிகமும் இரட்டைக் கண்ணாடியும்

பீடத்தில் நிற்கும் குருவுக்கு இரண்டு பார்வைகள் வேண்டும். ஒன்று திருப்பலி நூலின் எழுத்தைக் காண. மற்றொன்று கடைசி வரிசையில், தூணருகே அமர்ந்திருக்கும் முதியவரின் முகத்தைக் காண. ஐம்பதைக் கடந்தபின் நமக்கு இவ்விரண்டும் ஒருசேர வாய்க்கவில்லை. வாசிப்புக் கண்ணாடியோடு நிமிர்ந்தால் மக்கள் மூடுபனிக்குள் மறைந்தனர்; கழற்றினாலோ எழுத்து கலங்கியது.

நாற்பதையொட்டிக் கண்ணின் வில்லை நெகிழ்ச்சியை இழப்பதால் வருவது வெள்ளெழுத்து. சாளேசுரம் என்றும் முன்னோர் அதனை அழைத்தனர். அதற்குரிய தீர்வு ஒன்று நம் தஞ்சை மண்ணிலேயே விளைந்தது. தஞ்சைக்குத் தென்மேற்கே வல்லத்து மேட்டுநிலத்தில் கிடைத்த படிகக் கற்களைத் தேய்த்து மெருகிட்டு மூக்குக் கண்ணாடிகள் செய்தனர் நம் கைவினைஞர். படிகம் கண்ணாடியைவிடக் கடினமானது. எளிதில் கீறல் விழாது. இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) காலத்தில் கண்நோயாளரைப் பற்றி எழுதப்பெற்ற மருத்துவக் குறிப்புகள், கண்களின் வண்ண ஓவியங்களோடு சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. கண்ணின் அருமையை அறிந்த ஊர் தஞ்சை.

ஆயினும் ஒரு வில்லைக்கு ஒரு திறனே உண்டு. அருகும் தொலைவும் ஒரே சட்டத்துள் வந்ததை உலகுக்கு அறிவித்தவர் பெஞ்சமின் பிராங்கிளின். பிரான்சில் வாழ்ந்த அவர், 1785 மே மாதம் தம் எழுபத்தொன்பதாம் வயதில் எழுதிய கடிதத்தில் இதை விளக்கினார். இரு வகை வில்லைகளைப் பாதியாக வெட்டி, தொலைவுக்குரியதை மேலும் அருகுக்குரியதைக் கீழுமாகப் பொருத்தினார். விருந்தில் தட்டிலுள்ள உணவும் எதிரில் பேசுவோரின் முகமும் ஒருங்கே தெரிந்தன. முகத்தின் அசைவைக் கண்டதால் பிரெஞ்சுமொழியும் நன்கு விளங்கிற்றாம்! இதற்கு அவர் காப்புரிமை கோரவில்லை.

அவருக்கு நெடுங்காலம் முன்பே பீசா நகரில் இப்பண்பு வெளிப்பட்டது. மூக்குக் கண்ணாடியை முதலில் செய்த ஒருவர் அதன் நுட்பத்தை மறைத்துவைத்தார். 1313இல் இறந்த தொமினிக்கன் துறவி அலெசாந்திரோ தெல்லா ஸ்பீனா அதைத் தாமே செய்து பார்த்து, மகிழ்ந்த உள்ளத்தோடு யாவர்க்கும் வழங்கினார் என அவரது மடத்துக் குறிப்பேடு கூறுகிறது.

இன்றும் எத்தனை பேருக்கு அது எட்டியிருக்கிறது? அசாமில் நாற்பது வயது கடந்த தேயிலைத் தொழிலாளரிடையே நடந்த ஆய்வின் முடிவு 2018இல் வெளிவந்தது. அருகுப் பார்வைக் கண்ணாடி பெற்றோரின் பறிப்பு, பெறாதோரைவிட 21 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்திருந்தது. நம் பகுதியில் முறத்தில் கல் பொறுக்கும் தாய்மாரும் ஊசியில் நூல் கோக்கும் பாட்டிமாரும், "வயதாகிவிட்டது" என்ற ஒரு சொல்லோடு அடங்கிவிடுகின்றனர்.

நாமும் இரட்டைக் கண்ணாடி அணிந்தோம். வரப்பில் நடக்கையில் கீழ்ப்பாதி வழியே நிலம் மங்கும். தலையைத் தாழ்த்தி மேற்பாதியால் பார்க்கப் பழகினோம். அடுத்த ஞாயிறு தூணருகே இருந்த முதியவர் தெளிவாகத் தெரிந்தார். பாட்டுப் புத்தகம் மூடியே இருந்தது. மனப்பாடமாகப் பாடும் பக்தி என்று அதுநாள்வரை எண்ணியிருந்தோம். திருப்பலிக்குப்பின் கேட்டோம்.

"எழுத்து தெரியலை சாமி. பத்து வருசமாச்சு" என்றார்.

இரண்டு வாரத்தில் அவருக்கொரு கண்ணாடி வந்தது. அந்த ஞாயிறு நாம் நூலிலிருந்து நிமிர்ந்தபோது, அவர் கையில் புத்தகம் திறந்திருந்தது.