சேஃப் மோட்: ஒரு கொல்லைக் கதவின் கதை

173030.

சேஃப் மோட் எங்கே ஆரம்பிச்சதுன்னு தேடிக்கிட்டே பின்னால் போனேன். 1975ல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கையேட்டில் இந்த எண் கண்ணில் பட்டது.

அப்போது யூனிக்ஸ் ஓடியது பிடிபி-11 என்ற மினி கம்ப்யூட்டரில். அதன் முகப்பில் வரிசையாக ஸ்விட்சுகள் இருக்கும். ஒரு ஸ்விட்ச், ஒரு பிட். 173030 என்பது ஆக்டல் எண். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: எட்டு ஸ்விட்ச் மேலே, மற்றதெல்லாம் கீழே. இப்படி வைத்துவிட்டு மெஷினைக் கிளப்பினால், யூனிக்ஸ் எல்லா டெர்மினல்களுக்கும் லாகின் காட்டாது. கன்சோலில் மட்டும் ஒரு ஷெல்லைக் கொடுத்துவிட்டு நிற்கும். பாஸ்வேர்டும் கேட்காது. முழு அதிகாரமும் உங்கள் கையில். இதுதான் சிங்கிள் யூசர் மோட்.

எதற்கு இது? திடீரென்று கரண்ட் போனால் டிஸ்கில் ஃபைல் கணக்கு குழம்பிப் போகும். அதைச் சரிபார்க்கும்போது வேறு யாரும் டிஸ்கில் எழுதக்கூடாது. வீட்டில் ஆள் நடமாடிக்கிட்டே இருந்தால் தரை கழுவ முடியாது இல்லையா? அதே கதைதான்.

பாஸ்வேர்ட் கேட்காததில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. மெஷினுக்கு முன்னால் நிற்கிறவன் நம்பத்தக்கவன், ஏனென்றால் அந்த அறைக்குள் அவனை ஏற்கெனவே யாரோ விட்டிருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்ததும் பிரச்சினை வேறு மாதிரி ஆனது. இங்கே மெஷினைக் கெடுத்தது பெரும்பாலும் நாமே போட்டுக்கொண்ட சாமான்கள். மேக்கிண்டாஷில் எக்ஸ்டென்ஷன் என்ற குட்டி நிரல்கள், கிளம்பும்போதே சிஸ்டத்துக்குள் புகுந்துகொள்ளும். இரண்டுக்கு ஒத்துவரவில்லை என்றால் மெஷின் பாதியிலேயே நின்றுவிடும். 1991ல் வந்த சிஸ்டம் 7ல், கிளம்பும்போது ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்தால் எக்ஸ்டென்ஷன் எதுவும் ஏறாது. அப்புறம் பாதியை மட்டும் போட்டுப் பார்ப்பது, அதில் பாதி, அதிலும் பாதி என்று குற்றவாளியைப் பிடிப்பது.

டாஸ் பக்கம் இதே வேலையைக் கெடுத்தது கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் என்ற இரண்டு ஃபைல்கள். 640 கேபி மெமரியில் எல்லாவற்றையும் திணிக்க ஆளாளுக்கு அதில் வரி சேர்ப்பார்கள். ஒரு வரி தப்பானாலும் மெஷின் தொங்கிவிடும், பூட் ஃபிளாப்பியைத் தேடணும். 1993ல் எம்எஸ்-டாஸ் 6 வந்தபோது எஃப்5 அழுத்தினால் இரண்டு ஃபைலையும் தாண்டிப் போகலாம், எஃப்8 அழுத்தினால் கான்ஃபிக்.சிஸ் வரிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு ஓட்டும்.

1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தது. 'சேஃப் மோட்' என்ற பெயர் சாதாரண ஜனங்களுக்கு அறிமுகமானது அதில்தான். 640க்கு 480, 16 நிறம், திரையின் நாலு மூலையிலும் அந்தப் பெயர். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். என்டி குடும்பத்துக்கு இது விண்டோஸ் 2000ல்தான் கிடைத்தது. அங்கே சேஃப் மோட் என்பது அடிப்படையில் ஒரு பட்டியல்: ரெஜிஸ்ட்ரியில் 'சேஃப்பூட்' என்ற கீயின் கீழ், யாரையெல்லாம் உள்ளே விடலாம் என்ற பெயர்கள். பட்டியலில் இல்லாத டிரைவருக்கு அன்றைக்கு லீவு.

கதவு என்றால் திருடனும் வருவான். 2019 டிசம்பரில் சோஃபோஸ் நிறுவனம் ஸ்நாட்ச் என்ற ரேன்சம்வேர் பற்றி எழுதியது. அது தன் பெயரையே அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, மெஷினை சேஃப் மோடில் ரீஸ்டார்ட் செய்தது. பாதுகாப்பு மென்பொருட்கள் பெரும்பாலும் அங்கே ஓடாது. ஆளில்லாத வீட்டில் நிதானமாக ஃபைல்களைப் பூட்டிவிட்டது. கன்சோலில் நிற்கிறவன் நம்பத்தக்கவன் என்ற பழைய அனுமானம், யாருமே நிற்காத இடத்தில் இப்படித்தான் உடைந்தது.

இதற்கு நடுவே கதவும் குறுகிக்கொண்டே வந்தது. 2012ல் விண்டோஸ் 8 அவ்வளவு வேகமாகக் கிளம்பியது, எஃப்8ஐக் கவனிக்க அதற்குக் கிடைத்த நேரம் 200 மில்லிசெகண்டுக்கும் குறைவு என்று மைக்ரோசாஃப்டே சொன்னது. மனுஷ விரலுக்கு அது போதாது. அதனால் ஷிஃப்ட் அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுக்கும் வழி வந்தது. ஆனால் அதற்கு விண்டோஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கணும்! கிளம்பவே முடியாத மெஷின், சில முறை தோற்ற பிறகு தானாகவே ரிப்பேர் மெனுவைக் காட்டும்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம்ம நேரம் காலை 9:39க்கு கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு பிழையான அப்டேட்டை அனுப்பியது. 78 நிமிஷத்தில் திரும்ப வாங்கிவிட்டார்கள். ஆனால் விழுந்த மெஷின்களில் பெரும்பாலானவை இண்டர்நெட்டைத் தொடும் முன்பே மறுபடி விழுந்தன, திருத்தம் போய்ச் சேரவில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் சுமார் 85 லட்சம் மெஷின்கள். இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

தீர்வு? சேஃப் மோடில் போய் ஒரே ஒரு ஃபைலை அழிப்பது. அந்த டிரைவர் பட்டியலில் இல்லாததால் அங்கே ஏறாது. வேலை சில நிமிஷம்தான். ஆனால் ஒவ்வொரு மெஷின் முன்னாலும் ஒரு ஆள் போய் உட்காரணும். டிஸ்கை பிட்லாக்கர் பூட்டியிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயையும் கொடுக்கணும். திருடனுக்காகப் போட்ட பூட்டு, வீட்டுக்காரனையும் வெளியே நிறுத்தியது. கீகளை வைத்திருந்த சர்வரே விழுந்துகிடந்தால் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

நாலு மாதம் கழித்து, நவம்பரில், கிளம்ப முடியாத மெஷினுக்கும் தூரத்திலிருந்தே திருத்தம் அனுப்பும் வசதியை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஐம்பது வருஷமாக மெஷின் முன்னால் நிற்பவன் கையில் இருந்த கதவு, இப்போது தூரத்தில் இருப்பவர் கைக்கும் போகிறது. 85 லட்சம் மெஷினை நினைத்தால் அது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அன்றைக்கு எல்லாவற்றையும் கவிழ்த்ததும் தூரத்திலிருந்து வந்த ஒரு திருத்தம்தானே என்பதும் கூடவே ஞாபகத்துக்கு வருகிறது.

இதை எழுதும் முன்னால் ஒரு வேலை செய்தேன். என் லேப்டாப்பின் 48 இலக்கத்தை ஒரு தாளில் எழுதி பீரோவில் வைத்தேன். நீங்களும் இன்றைக்கே, மெஷின் நல்லா ஓடிக்கிட்டிருக்கும்போதே, செய்துவிடுங்கள்.