வேரில் குடியிருக்கும் பூஞ்சை

வேருக்குள் குடியேறி, மண்ணில் வெகுதூரம் இழை பரப்பி, பயிருக்கு மணிச்சத்தும் துத்தநாகமும் கொண்டுவந்து தரும் பூஞ்சைக்கும் செடிக்கும் உள்ள உறவுக்கு அறிவியலார் இட்ட பெயர் மைக்கோரைசா. இந்தப் பூஞ்சையைத் தமிழக உழவர்கள் ‘வேம்’ என்கிறார்கள். பதிலாகச் செடி தன் சர்க்கரையில் ஒரு பங்கைக் கொடுக்கிறது.

இந்த உறவுக்கு 1885இல் பெயர் சூட்டியவர் பெர்லினைச் சேர்ந்த ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் பிராங்க். பிரஷ்ய அரசு அவரிடம் கேட்டது டிரஃபிள் காளானைப் பயிரிடும் வழியை. அவர் கண்டதோ, ஓக், பீச் மரங்களின் வேர்நுனிகளைப் பூஞ்சை உறைபோல மூடியிருந்ததை. அது மரத்துக்கு ஊட்டம் தருகிறது என்றார். பூஞ்சை என்றாலே நோய் என்றிருந்த காலம், பலர் ஏற்கவில்லை.

பயிர்களில் வாழும் வகைக்கு உறை கிடையாது. வேரின் செல்லுக்குள் நுழைந்து மரம்போலக் கிளைவிடும். உயிருள்ள வேர் இன்றிப் பெருகாது. ஆய்வகத் தட்டில் தனியே வளர்க்க முடியாததால் ஆய்வு நெடுங்காலம் தேங்கியது. 1950களில் இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையத்தில் பார்பரா மோஸ், இப்பூஞ்சை சேர்ந்த ஆப்பிள் கன்றுகள் செழித்து வளர்வதைக் காட்டினார்.

ஆனாலும் இதன் அருமையை உழவுக்கு அழுத்தமாக உணர்த்தியது இதன் இழப்புதான். அமெரிக்காவில் எலுமிச்சை, ஆரஞ்சு நாற்றங்கால்களில் நோய்க்கிருமிகளை ஒழிக்க மண்ணுக்கு நச்சுப்புகை போட்டார்கள். கிருமி போனது, உரமிட்டும் கன்றுகள் குன்றின. காரணம் நஞ்சின் எச்சமல்ல, புகையில் மடிந்த வேர்ப்பூஞ்சையே என்று 1972இல் கிளைன்ஷ்மிட், கெர்டமான் இருவரும் எழுதினர்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பாடம் இன்னும் கடுமையானது. அங்குள்ள கரிசல் நிலங்களில் ஈரம் சேமிக்க ஓராண்டுக்கும் மேலாகக் களையே இல்லாமல் தரிசு போடுவார்கள். ஈரம் சேர்ந்தது. ஆனால் அடுத்து விதைத்த மக்காச்சோளமும் சூரியகாந்தியும் மணிச்சத்தும் துத்தநாகமும் கிட்டாமல் வாடின. வேரில்லாத நிலத்தில் பூஞ்சை அருகிப்போனதே காரணம் என்று 1987இல் ஜே.பி. தாம்சன் நிறுவினார். கடுகுக் குடும்பப் பயிர்களின் வேரில் இது குடியேறாது. ஆகவே அவற்றை அறுத்த நிலத்திலும் பூஞ்சை குறையும். மணிச்சத்து உரம் மிகுந்தால் செடியே இதைச் சேர்ப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

இன்று நாற்றங்காலில் இடும் வேம் உரத்தையும் பெரும்பாலும் உயிருள்ள வேரில்தான் பெருக்குகிறார்கள். வெர்மிகுலைட் நிரப்பிய குழியில் தாய்ப்பூஞ்சையைத் தூவி மக்காச்சோளம் விதைப்பார்கள். ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்துப் பயிரின் மேற்பகுதியை அறுத்துவிட்டு, வேரை நறுக்கி வெர்மிகுலைட்டோடு கலந்து உரமாக எடுக்கிறார்கள்.