கிட்டி கண்ட வௌவால்கள்

தாய்லாந்தின் காஞ்சனபுரி மாகாணத்தில் குவாய் நொய் ஆற்றோரம் சுண்ணாம்புக் குன்றுகள் நீண்டு கிடக்கின்றன. 1942-43இல் ஜப்பானியப் படை பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது இந்த ஆற்றை ஒட்டித்தான். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கில் மாண்ட சயாம் மரண ரயில் பாதை அது. அத்தனை பேர் நடமாடிய அந்தக் குன்றுகளின் குகைகளில் உலகின் மிகச் சிறிய வௌவால் குடியிருப்பது விலங்கியலுக்குத் தெரியவர மேலும் 30 ஆண்டுகள் ஆயின.

1973இல் அதைக் கண்டுபிடித்தவர் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா. உடல் நீளம் 3 சென்டிமீட்டர். எடை 2 கிராம். வால் இல்லை, மூக்கு பன்றியின் மூக்கைப் போலத் தடித்திருக்கும். மாதிரிகள் லண்டன் அருங்காட்சியகத்தில் ஜான் எட்வர்ட்ஸ் ஹில்லிடம் சென்றன. அறியப்பட்ட எந்த வௌவால் குடும்பத்திலும் அதைச் சேர்க்க முடியாது என்று கண்ட ஹில், 1974இல் அதற்கெனப் புதுக் குடும்பமே வகுத்து, இனப் பெயரில் தொங்லோங்யாவின் பெயரைப் பதித்தார். அதைப் பார்க்கக் கிட்டி இல்லை. அவ்வாண்டு பிப்ரவரியிலேயே காலமாகிவிட்டார்.

நம் ஊர் ஆலமரங்களில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால் ஒன்றரைக் கிலோவைத் தொடும். இறக்கை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல். எடையில் கிட்டியின் வௌவாலைப்போல 750 மடங்கு! பழுத்த மரத்தைத் தேடி இரவில் பல கிலோமீட்டர் பறக்க அந்த உடல் வேண்டும். குகைக்கு அருகிலேயே சிறு பூச்சிகளைப் பிடிக்கும் கிட்டியின் வௌவாலுக்கோ அந்திக்கருக்கலில் அரை மணி நேரம், விடியலில் இன்னும் குறைவான நேரம் வேட்டையாடினால் போதும்.

அந்தச் சிறுமையே அதற்கு ஆபத்தானது. உலகின் மிகச் சிறியது என்ற செய்தி பரவியதும் குகைகளில் கூட்டம் கூடியது. நினைவுப் பொருளாகப் பிடித்துச் சென்றவர்களும் உண்டு. 1980இல் அப்பகுதி சாய் யோக் தேசியப் பூங்காவானது. 2001இல் மியான்மரிலும் இவ்வினம் இருப்பது தெரிந்தது.

கிட்டியின் பெயரைத் தமிழ்நாடு மறக்கக்கூடாது என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. 1948இல் தேனி மாவட்டத்து மேகமலையில் இயற்கை ஆர்வலர் ஆங்கஸ் ஹட்டன் ஒரு பழ வௌவாலைச் சேகரித்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் அது எங்கும் காணப்படும் குறுமூக்குப் பழ வௌவாலாகப் பதிவாகி, 20 ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. அதை மறுபடி ஆராய்ந்த கிட்டி, வால் இல்லாததையும் பல்லமைப்பு மாறியிருப்பதையும் கவனித்தார். தனிப் பேரினம் என்று 1972இல் அறிவித்து, இனப் பெயரில் பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். ஒரே ஓர் உடலை வைத்துச் செய்த முடிவு அது, பிழையில்லாத முடிவு. 1993இல் மேகமலையில் உயிருள்ள வௌவால்கள் கிடைத்தன. பின்னர் களக்காடு முண்டந்துறைக் காடுகளிலும் தென்பட்டன.