எம்டனும் எங்கள் வீட்டு எம்டனும்

ஜூன் மாதப் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஆசிரியர்களுக்கு முழு ஓய்வு என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். பாதி விடுமுறை குறிப்பேடு திருத்துவதிலேயே கழிந்துவிடும் என்பது ஆசிரிய நண்பர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படித் திருத்திக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில்தான் இந்த வேடிக்கை நடந்தது.

உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் மகன் கணினியில் கடற்படை வியூக விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தான். முதல் உலகப் போர்க்காலக் கப்பல்களை வரைபடத்தில் முறைவைத்து நகர்த்தும் விளையாட்டு அது. என் மாமியார் தேக்காவில் வாங்கி வந்த முருங்கைக்கீரையை ஆய்ந்தவாறு அருகில் அமர்ந்திருந்தார்.

"பாட்டி, நாலு பிரிட்டிஷ் கப்பல் என்னையத் தேடுது. நான் தீவுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கேன். ஒருத்தனுக்கும் தெரியல!"

"நீ சரியான எம்டன்டா" என்றார் மாமியார், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

மகன் நாற்காலியோடு திரும்பிவிட்டான். "என் கப்பல் பேரு உங்களுக்கு எப்படிப் பாட்டி தெரியும்?"

உண்மைதான். திரையில் அவன் செலுத்திய கப்பலின் பெயர் எம்டன். மாமியாரோ, "கப்பலா? எம்டன்னா எமகாதகன்டா, கெட்டிக்காரன்" என்று விளக்கம் தந்தார். எண்பது வயதை நெருங்கும் அவர், அச்சொல்லை வாழ்நாள் முழுதும் பயன்படுத்தியிருக்கிறார். அது ஒரு கப்பலின் பெயர் என்று ஒருவரும் அவருக்குச் சொன்னதில்லை. விளையாட்டில் அதை ஓட்டிய பேரனுக்கோ அது தமிழ் அகராதிக்குள் புகுந்துவிட்ட செய்தி தெரியாது. நடுவே நான் சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில், கார்ல் ஃபொன் முல்லர் என்னும் தளபதியின் தலைமையில் இந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கடற்கரையை நெருங்கியது. போர் தொடங்கி ஏழு வாரங்கள் ஆகியும் நகரின் விளக்குகள் அணைக்கப்படவில்லை. குறிபார்ப்பதற்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்? துறைமுகத்தருகே இருந்த பர்மா எண்ணெய் நிறுவனத்தின் கொள்கலன்கள் தீப்பற்றி எரிந்தன. ஏறத்தாழ அரை மணி நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் விழுந்தன. பிறகு கப்பல் இருளில் மறைந்துவிட்டது. அடுத்த சில நாள்களில் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு நகரை விட்டு வெளியேறினர். உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவரில் இன்றும் அதற்கொரு நினைவுக்கல் உண்டு.

கல்லைவிடச் சொல் நெடுந்தூரம் பயணம் செய்தது. தந்திரக்காரன், அஞ்சத்தக்கவன், எதையும் சாதிப்பவன் என்ற பொருள்களில் 'எம்டன்' தமிழில் நிலைத்தது. மலையாளிகள் மிகப் பெரியதை 'எமண்டன்' என்பதும் இதிலிருந்தே வந்ததென்பர். 2006ஆம் ஆண்டு வெளிவந்த 'எம் மகன்' திரைப்படம்கூட முதலில் 'எம்டன் மகன்' என்ற பெயரோடு தொடங்கப்பட்டதுதான்.

அன்று மாலை, "நானும் ஆடிப் பார்க்கிறேன்" என்று குறிப்பேடுகளை மூடி வைத்தேன். வரலாற்றுப் பாடத்திற்கு இத்தகைய விளையாட்டுகள் பயன்படுமா என்று தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெற்ற காலத்தில் நாங்கள் விவாதித்ததுண்டு. அப்போது ஆம் என்று பேசியவர்களுள் நானும் ஒருத்தி. பேசுவது எளிது. சென்னையைத் தாக்கப் புறப்பட்ட என் எம்டன், வங்காள விரிகுடாவின் நட்டநடுவே நிலக்கரி தீர்ந்து நின்றது. கரி தரவந்த கப்பலை எதிரி என்று எண்ணிப் பொத்தானை அழுத்தினேன். என் கரி முழுவதும் என் குண்டாலேயே கடலுக்கடியில் போயிற்று. அடுத்த ஆட்டத்தில் கணினி செலுத்திய பிரிட்டிஷ் கப்பல் ஒன்று சிறு தீவொன்றைக் கோயில் பிராகாரம்போல் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் எதிரே போய் நின்றும் அது என்னைக் கண்டுகொள்ளவில்லை. மகன் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் விக்டோரியா தெருவிலுள்ள தேசிய நூலகத்திற்குச் சென்று எம்டனைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். உண்மையில் நடந்தவை, நாங்கள் ஆடிய ஆட்டத்தைவிட வேடிக்கையாக இருந்தன.

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் எம்டன் முதலில் பிடித்தது கிரேக்கக் கப்பலொன்று. அதில் இருந்தது நிலக்கரி. ஆயிரக்கணக்கான மைல் சுற்றளவில் தனக்கென ஒரு துறைமுகமும் இல்லாத கப்பலுக்கு அது தங்கத்தைவிட உயர்ந்தது. அடுத்துப் பிடிபட்ட 'இண்டஸ்' கப்பலில் பெட்டி பெட்டியாகச் சோப்பு! கரி அள்ளி அள்ளிக் கறுத்துப்போயிருந்த மாலுமிகளுக்கு அன்று திருவிழாதான். (இதைச் சொன்னபோது மாமியார், "சவுக்காரத்துக்கா அவ்வளவு சந்தோசம்?" என்றார், பிறகு அவரே, "கரி புடிச்ச கைக்குத்தான் அது தெரியும்" என்றும் சொன்னார்.) 'கபிங்கா' என்ற கப்பலில் அமெரிக்கருக்கு உரிய சரக்கும் தலைவரின் மனைவியும் இருந்தமையால் முல்லர் அதை மூழ்கடிக்கவில்லை. பிற கப்பல்களில் சிறைப்பட்டோரை அதில் ஏற்றி அனுப்பிவிட்டார். விடுதலை பெற்ற அவர்கள், தம் கப்பல்களை மூழ்கடித்த எதிரிக்கு ஆரவாரம் செய்து வாழ்த்தொலி எழுப்பிவிட்டுப் போனார்கள்.

அக்டோபர் 9ஆம் நாள் எம்டன் டியேகோ கார்சியா தீவை அடைந்தது. அது பிரிட்டிஷ் தீவு. ஆனால் அங்கிருந்தோருக்குப் போர் தொடங்கிய செய்தியே எட்டவில்லை! கடிதக் கப்பல் எப்போதாவது வரும் இடம் அது. முல்லரும் சொல்லவில்லை. தீவினர் விருந்தோம்பினர், பழமும் மீனும் பன்றியும் கொடுத்தனர். கைம்மாறாக ஜெர்மானியர், தீவு நிர்வாகியின் பழுதுபட்ட இயந்திரப் படகைச் செப்பனிட்டுத் தந்துவிட்டுப் புறப்பட்டனர். எங்கள் விளையாட்டில் ஒரு தீவைக் கண்டால் தாக்கலாம், தவிர்க்கலாம். படகு பழுதுபார்க்கப் பொத்தான் ஏதுமில்லை.

பொத்தான் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கப்பல் மூழ்கும் நிலை வந்தால் மகன் தயங்காமல் முன்பு சேமித்து வைத்த கட்டத்திற்குத் திரும்பிவிடுவான். "இது கள்ள ஆட்டம்" என்றேன். "எல்லாரும் செய்வாங்கம்மா" என்றான். அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. கடற்போரை மேசைமீது ஆடுவது சிறுவர் வேலையன்று. ஆங்கிலேயரான ஃபிரெட் ஜேன் 1898இல் தம் கடற்போர் விளையாட்டின் விதிகளை வெளியிட்டார். கடற்படை அதிகாரிகளே அதை ஆடினர். 1942 மே மாதத் தொடக்கத்தில், மிட்வே தாக்குதலுக்கு முன்னோட்டமாக ஜப்பானியத் தளபதிகள் 'யமாட்டோ' கப்பலில் மேசைப்போர் நடத்தினர். பகடை உருண்டபோது ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் இரண்டு மூழ்கிவிட்டன. தலைமை நடுவராயிருந்த உகாக்கி, ஒன்பது குண்டுகள் பட்டதை மூன்றாகக் குறைத்து ஒரு கப்பலைக் காப்பாற்றினார்; மூழ்கிய 'காகா'வும் பிற்பாடு மேசைமீது உயிர்பெற்று வந்தது. அடுத்த மாதம் உண்மைப் போரில் காகாவோடு சேர்ந்து நான்கு விமானந்தாங்கிகள் மூழ்கின. இக்கதையை மகனுக்குச் சொன்னேன். அன்று மாலை முழுவதும் அவன் பின்கட்டத்திற்குத் திரும்பவில்லை. மறுநாள் திரும்பினான்!

எங்கள் இருவருக்கும் மிகவும் பிடித்த கட்டம் பினாங்கு. எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். பிரிட்டனின் 'யார்மத்' கப்பலுக்கு நான்கு. மரச்சட்டமும் கித்தான் துணியும் கொண்டு நான்காவது புகைபோக்கி ஒன்றைச் செய்து நிறுத்திக்கொண்டு, 1914 அக்டோபர் 28 அதிகாலையில் எம்டன் பினாங்குத் துறைமுகத்திற்குள் நுழைந்தது. பிறகு தன் ஜெர்மானியக் கொடியை ஏற்றிவிட்டு, நங்கூரமிட்டிருந்த 'ஜெம்சுக்' என்ற ரஷ்யப் போர்க்கப்பலை டார்பிடோவாலும் பீரங்கியாலும் தாக்கியது. ரஷ்யத் தளபதி அன்றிரவு கரையில் தங்கியிருந்தார். துணிப் புகைபோக்கியின் கதை கேட்டு மகன் கைதட்டினான். "எத்தன பாயிண்டு கிடைச்சிருக்கும்!" என்றான்.

ஜெம்சுக்கில் இறந்தோர் 89 பேர்.

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினேன். சொன்னேன். ரஷ்ய மாலுமிகளின் கல்லறை பினாங்கில் இன்றும் இருப்பதையும் சொன்னேன். 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு வந்தவர் என் மாமியார். "அந்தத் தண்ணியிலயா?" என்று மட்டும் கேட்டார்.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், தமிழ்மொழி விழாவையொட்டிய கதைசொல்லும் போட்டிக்கு மாணவன் ஒருவன் எழுதி வந்த உரையில், செண்பகராமன் பிள்ளை எம்டன் கப்பலில் வந்து சென்னையில் ஆங்கிலேயர் சொத்துகளைக் குறிபார்த்துக் குண்டு வீசச் செய்தார் என்றிருந்தது. நான் அதைத் திருத்தவில்லை. ஏனெனில் வகுப்பில் நானே பன்முறை அதைச் சொல்லியிருக்கிறேன்! சொல்லும்போது மாணவர் முதுகு நிமிரும், அதற்காகவே சொன்னேன். ஆனால் 1914 செப்டம்பரில் செண்பகராமன் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் இந்திய விடுதலைக்காகக் குழு அமைத்துச் செயல்பட்டுக்கொண்டிருந்தார்; அக்டோபரில் பெர்லின் சென்றார். எம்டனோ ஆகஸ்ட் மாதமே பசிபிக்கிலிருந்து புறப்பட்டுவிட்டது. இரண்டும் பொருந்தாது. இதை அறிந்தபின் அடுத்த ஆண்டு இன்னொரு மாணவனின் உரையில் அப்பகுதியை நீக்கினேன். பையனின் தந்தைக்கு வருத்தம். "நம்ம ஆளு பெருமைய நீங்களே குறைக்கலாமா டீச்சர்?" என்றார். செண்பகராமனின் உண்மையான வாழ்க்கைக்கே பெருமை போதும், ஏறாத கப்பலில் அவரை ஏற்ற வேண்டியதில்லை என்று சொன்னேன். அவர் முழுமனத்தோடு ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

எங்கள் விளையாட்டில் 1914 நவம்பர் 9உடன் ஆட்டம் முடிந்துவிடும். அன்றுதான் கோக்கோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' கப்பல் எம்டனை அடித்து நொறுக்கியது. 130க்கும் மேற்பட்ட ஜெர்மானியர் மாண்டனர். முடிவிலும் ஒரு வேடிக்கை உண்டு. தந்தி நிலையத்தின் கம்பத்தை வெட்டிச் சாய்க்க இறங்கிய ஜெர்மானியரிடம், அதை டென்னிஸ் திடலின்மேல் விழாதபடி சாய்க்குமாறு நிலைய ஊழியர் கேட்டுக்கொண்டனர். அவர்களும் அவ்வாறே சாய்த்தனர். அன்று கோக்கோஸ் தீவுகள் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நீரிணைக் குடியேற்றங்களைச் சேர்ந்தவை. ஆகவே எம்டனின் கதை நம் வீட்டு வாசலில்தான் முடிந்தது என்று மகனிடம் சொன்னேன். பிறகு அதுவும் தவறு என்று தோன்றியது. வாசலைத் தாண்டி உள்ளேயும் வந்திருக்கிறது.

எம்டனின் அதிகாரிகளுள் ஒருவரான லாட்டர்பாக், நிலக்கரிக் கப்பலொன்றுடன் பிடிபட்டு இங்கே தங்ளின் முகாமில் சிறை வைக்கப்பட்டார். இன்று டெம்சி குன்றில் நாம் குடும்பத்தோடு உணவருந்தச் செல்லும் இடம்தான் அது. சில காலம் அங்கே காவல் நின்றோர் ஐந்தாம் இலகு காலாட்படையின் இந்தியச் சிப்பாய்கள். வட இந்திய முஸ்லிம்கள். அப்படையை ஹாங்காங்கிற்கு அனுப்ப ஆணை வந்தது. துருக்கியருக்கு எதிராகப் போரிடத்தான் அனுப்புகிறார்கள் என்ற வதந்தி பரவியது. 1915 பிப்ரவரி 15ஆம் நாள் பிற்பகல் அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் கிளர்ந்தெழுந்தனர். அது சீனப் புத்தாண்டுக் காலம். துப்பாக்கி வெடித்த ஒலியைப் பலர் பட்டாசு என்றே எண்ணிக்கொண்டனர். சிப்பாய்கள் தங்ளின் முகாமின் காவலரைச் சுட்டுவிட்டு ஜெர்மானியரைத் துணைக்கு அழைத்தபோது, பெரும்பாலோர் மறுத்துவிட்டனர். லாட்டர்பாக் உள்ளிட்ட சிலர் கிடைத்த வாய்ப்பில் தப்பியோடினர். அவர் பல நாடுகளைச் சுற்றி ஜெர்மனி போய்ச் சேர்ந்தார்.

சிப்பாய்களுக்குப் போக இடமில்லை. கலகத்தில் படையினரும் பொதுமக்களுமாக நாற்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டிருந்தனர். விசாரணைக்குப்பின் 47 சிப்பாய்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர், ஊட்ரம் சாலைச் சிறையின் மதிலருகே, ஆயிரக்கணக்கானோர் வேடிக்கை பார்க்க. அதன்பின் இங்கு வாழ்ந்த இந்தியர் அனைவரும் பதிவு செய்துகொள்ள வேண்டுமென அரசாங்கம் ஆணையிட்டது. சிராங்கூன் சாலையில் கடை வைத்திருந்தவர்களுக்கும் கலகத்திற்கும் என்ன தொடர்பு என்று எவரும் கேட்கவில்லை.

விடுமுறையின் கடைசி சனிக்கிழமை, தேக்காவில் காய்கறி வாங்கிய கையோடு மகனை அழைத்துக்கொண்டு லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயிலேறினேன். நான்காவது நிறுத்தம் ஊட்ரம் பார்க். சிறையை 1960களிலேயே இடித்துவிட்டார்கள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, மரங்களும் புல்லும் போக்குவரத்து ஓசையும்தான். மகன் சற்று நேரம் நின்று பார்த்தான். "இது கேம்ல இல்லம்மா" என்றான். காய்கறிப் பையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

வீடு திரும்பியதும் பாட்டியிடம் போய், எம்டன் என்பது கப்பல் என்றும், அதற்கு மூன்று புகைபோக்கி என்றும், நான்காவது துணி என்றும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கப்பல்லேயே வந்தவ நான், எனக்கே கப்பல் பாடமா? எம்டன்டா நீ!" என்றார்.